கல்முனைக் கரையோரத்தில் இராசா ராணிப் படங்கள்: ஓர் இரசனையின் சமூக வேர்கள்

எம்.ஜி.ஆரின் திரைக் கவர்ச்சியை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அதனைத் தமிழ்நாட்டின் கட்சி அரசியலுடன் சேர்த்தே விளக்கியுள்ளனர். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூல் தமிழ்ச் சினிமாவை அரசியற் கருத்துக்களைக் கொண்டுசெல்லும் ஊடகமாக நோக்கிற்று. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் 'பிம்பச் சிறை' எனத் தமிழாக்கம் பெற்ற நூல், ஏழைகளுக்குப் பெரும் பயன் தராத ஆட்சியொன்றை ஏழைகளே எவ்வாறு தாங்கி நின்றனர் என்ற வினாவைத் திரைப் பிம்பத்தின் வழியே விடுவிக்க முயன்றது. இவ்விரு ஆய்வுகளின் பெறுமானம் பற்றி எமக்கு ஐயமில்லை. ஆயின், வாக்குப்பெட்டியே இல்லாத இடத்தில் இவ்விளக்கங்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நீளும் முஸ்லிம் ஊர்கள் அத்தகையதோர் இடமாகும். இங்கு வாழ்வோர் எம்.ஜி.ஆருக்கு வாக்களித்தவரல்லர். அவர் 1977இல் முதலமைச்சரானதாலோ, 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதாலோ இவர்கள் பெற்ற பயன் எதுவுமில்லை. 1917இல் அவர் பிறந்த நாவலப்பிட்டி இலங்கையில் உள்ளது என்பது இப்பகுதியிற் பெருமையோடு சொல்லப்படும் செய்திதான். ஆனால் அதனை ஒரு காரணமாகக் கொள்ள முடியாது. இருந்தும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'குலேபகாவலி', 'நாடோடி மன்னன்', 'ஆயிரத்தில் ஒருவன்', 'படகோட்டி' ஆகிய படங்கள் இங்கு மூன்று தலைமுறையினரின் நினைவில் வாழ்கின்றன. ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தை அறிந்துகொள்வோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் ஊர்கள் கடலோரப் பெருந்தெருவை அடுத்து ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. சம்மாந்துறை மட்டும் சற்று மேற்கே வயல்களுக்கு நடுவில் உள்ளது. இவற்றிற்கிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்கள் உள்ளன. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் இதுவே. கிழக்கே கரைவலையும் தோணியும், மேற்கே நெல்வயல், மருதமுனையிற் கைத்தறி, தெருவோரத்தில் வணிகம் என்பன வாழ்வாதாரங்கள். தமிழரும் முஸ்லிம்களும் இங்கு 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' வாழ்ந்தனர் என்பது கிழக்கிலங்கையில் அடிக்கடி எடுத்தாளப்படும் உவமை. மேடைப் பேச்சிற் பெரிதும் தேய்ந்துபோன உவமைதான். எனினும் பிட்டுக்குழலிற் பிட்டும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காக நிற்பனவேயன்றி ஒன்றாகக் கரைந்துவிடுவனவல்ல என்பதை நினைவிற் கொண்டால், அது சொல்வோர் கருதியதிலும் நுட்பமானது என்பது புலப்படும்.

'இராசா ராணிப் படம்' என்பது எமது மக்கள் தாமே இட்ட பெயர். பத்திரிகைகள் இவற்றைச் சரித்திரப் படங்கள் என்றன. சரித்திரத்துக்கும் இவற்றுக்கும் உள்ள உறவு மிகச் சொற்பமாகையால் மக்கள் இட்ட பெயரே பொருத்தமானது. பெயர் தெரியாத ஒரு நாடு. அங்கே ஏமாற்றப்பட்ட மன்னன் அல்லது சூழ்ச்சிக்கார அமைச்சன். மக்களிடையே மறைந்து வாழும் வாள்வீரன். வாயாடியும் துணிச்சல்காரியுமான தலைவி. ஒரு கோமாளித் தோழன். இறுதியில் மாடிப்படியில் நிகழும் வாட்போர். 1950இல் வெளிவந்த 'மந்திரிகுமாரி', 1951இல் 'மர்மயோகி', 1954இல் 'மலைக்கள்ளன்', 1956இல் 'மதுரை வீரன்', 1958இல் எம்.ஜி.ஆர். தாமே இயக்கிய 'நாடோடி மன்னன்' என இவ்வகை வளர்ந்து, 1965இல் பி.ஆர். பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை வந்து, அதன் பின்னர் மெல்லத் தேய்ந்தது. இதன் ஒரு கிளையே பக்தாத்துக் கதைகள் எனப்படும் அரபுக் கற்பனைப் படங்கள். 1955இல் டி.ஆர். ராமண்ணா இயக்கிய 'குலேபகாவலி', 1956இல் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் தயாரித்து இயக்கிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1957இல் நாகேஸ்வரராவ் நடித்த 'அல்லாவுதீனும் அற்புத விளக்கும்', 1960இல் 'பாக்தாத் திருடன்' என்பன இக்கிளையைச் சேர்ந்தவை.

இவற்றுள் 'அலிபாபா'வின் பயணம் தனியே நோக்கத்தக்கது. தமிழில் முழுவதும் வண்ணத்தில் வெளிவந்த முதற் படம் இது. ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் அலிபாபா கதை கிடையாது. அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற கிறிஸ்தவக் கதைசொல்லி 1709இல் பாரிசில் அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு வாய்மொழியாகக் கூறியது அது. கலானின் பிரெஞ்சு நூல் வழியாகவே உலகெங்கும் பரவிற்று. குலேபகாவலியின் கதையும் அவ்வாறே. வங்காளத்தைச் சேர்ந்த இஸ்ஸத்துல்லா 1722இற் பாரசீக மொழியில் எழுதியதை, நிகால் சந்த் லாகூரி 1803இற் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக உருதுவில் ஆக்கினார். பின்னர் அது பார்சி நாடக மேடையேறி, மலிவு அச்சுக் கதைப் புத்தகங்களாகித் தமிழை வந்தடைந்தது. வாட்போர் முறையோ டக்ளஸ் பெயர்பாங்க்ஸ், எரல் பிளின் ஆகிய ஹொலிவூட் நடிகரிடம் கற்றது. ஆகவே கல்முனைப் படமாளிகையொன்றின் கலரியில் இருந்தவர் 'நம்மட கதை' என்று உரிமையோடு பார்த்த படம் சிரியாவிலும் பாரிசிலும் கல்கத்தாவிலும் கலிபோர்னியாவிலும் சேலத்திலும் சுற்றி வந்ததொன்றாகும். அந்த உரிமையுணர்வு எங்கிருந்து வந்தது?

அது பெயர்களிலிருந்து வந்தது என்பது எளிதான விடை. காசிம், மர்ஜியானா என்ற பெயர்கள் திரையில் ஒலிக்கும்போது முஸ்லிம் பார்வையாளர் மகிழ்ந்தனர் என்பது உண்மைதான். ஆனால் அதே பார்வையாளர் 'மதுரை வீரனை'யும் அதே ஆர்வத்துடன் பார்த்தனர். எனவே பெயருக்கு அடியிலிருக்கும் கதையமைப்பை நோக்க வேண்டும்.

தமிழ் முஸ்லிம்களிடையே படைப்போர், கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா எனத் தனித்துவமான இலக்கிய வகைகள் வழங்கின என்பதை இஸ்லாமியத் தமிழிலக்கிய ஆய்வாளர் நன்கறிவர். 'ஐந்து படைப்போர்', 'யூசுபு சுலைகா கிஸ்ஸா', 'சைத்தூன் கிஸ்ஸா', 'தமீமன்சாரி கிஸ்ஸா' போன்றவை கிழக்கிலங்கை முஸ்லிம் வீடுகளில் இராகத்தோடு படிக்கப்பட்டன. ஒருவர் படிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். எழுத்தறியாதோருக்கும் கதை மனப்பாடம். படைப்போரில் நீதி தவறிய அரசன் ஒருவன் வருவான். எண்ணிக்கையிற் சிறிய படை பெரிய படையை எதிர்கொள்ளும். வீரன் மாற்றுருவில் எதிரியின் கோட்டைக்குட் புகுவான். எதிரியின் மகள் அவன்மீது காதல் கொள்வாள். கிஸ்ஸாவில் நல்லவன் காடும் கடலும் தீவும் சுற்றிப் பெருந்துன்பமுற்று இறுதியில் வீடு திரும்புவான். சைத்தூன் போன்ற கதைகளில் பெண்ணே வாளேந்துவாள். இவ்வுறுப்புக்களை இராசா ராணிப் படத்தின் உறுப்புக்களுடன் வைத்துப் பார்க்குமிடத்துப் பார்வையாளருக்குப் புதிதாக எதுவும் கற்பிக்கப்பட வேண்டியிருக்கவில்லை என்பது தெளிவாகும். 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் வைத்தியனாகிய மணிமாறன் அடிமையாக விற்கப்பட்டுத் தீவொன்றிற் கொண்டுபோய் விடப்படுகிறான். அப்படத்தின் மூலம் 'கப்டன் பிளட்' என்ற 1935ஆம் ஆண்டு ஹொலிவூட் படமே. ஆனால் அதனைப் பார்த்த நிந்தவூர் விவசாயிக்கு அது இன்னுமொரு கிஸ்ஸா.

ஒன்றை இங்குத் தெளிவுபடுத்தல் வேண்டும். சமயப் பெரியாரின் இடத்தில் நடிகர் வைக்கப்பட்டார் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அம்மக்களை இழிவுபடுத்துவதாகும். வணக்கத்துக்குரியது எது, பொழுதுபோக்கு எது என்பதில் அவர்களுக்கு மயக்கம் இருக்கவில்லை. கதை கேட்டுப் பழகிய செவியே அவர்களைப் படமாளிகைக்கும் இட்டுச் சென்றது என்பது மட்டுமே எமது கருத்து.

செவியைப் போலவே கண்ணும் பழக்கப்பட்டதாயிருந்தது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் சிலம்படியும் பொல்லடியும் தொன்றுதொட்டு நிலவிவரும் கலைகள். கலியாணத்திலும் ஊர் விழாக்களிலும் பொல்லடி அண்ணாவியார் தம் குழுவினருடன் பாட்டுக்கும் தாளத்துக்கும் ஏற்பக் கம்புகளைத் தட்டி ஆடுவார். சிலம்படியோ ஆட்டமும் தற்காப்பும் கலந்தது. அதற்கென வரிசைகளும் ஆசான்களும் உண்டு. இச்சூழலில் வளர்ந்த ஒருவர் 'பெரிய இடத்துப் பெண்' (1963), 'ரிக்‌ஷாக்காரன்' (1971) ஆகிய படங்களின் கம்புச் சண்டையைப் பார்க்கும்போது, நகரத்துப் பார்வையாளர் காணாத பலவற்றைக் காண்பார். கால்வைப்புச் சரியா, கம்பைப் பிடித்த இடம் சரியா, வீச்சு மெய்யா கள்ளமா என்றெல்லாம் மறுநாள் தேநீர்க்கடையில் விவாதம் நடக்கும். எம்.ஜி.ஆர். உண்மையிலேயே சிலம்பம் பயின்றவர் என்பதால் இவ்விவாதங்களில் அவர் பெரும்பாலும் வென்றார். சினிமா மக்களைச் செயலற்ற பார்வையாளராக்கிவிடும் என்ற கோட்பாடு எமது காலத்து முற்போக்காளரிடையே வலுவாக நிலவியது. அக்கோட்பாட்டை எழுதியோர் அந்தத் தேநீர்க்கடைகளுக்குப் போயிருக்கவில்லை.

இனி, கதையின் பொருளாதாரப் பக்கத்தைக் கவனிப்போம். மட்டக்களப்பு–அம்பாறைப் பிரதேச வயலில் மேலே போடியார், அவருக்குக் கீழே முல்லைக்காரர், அதற்கும் கீழே கூலிக்கு உழைப்போர் என்ற அடுக்கு நெடுங்காலம் நிலவிற்று. 1949இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டம் நீர்ப்பாசனத்தைப் பெருக்கியதேயன்றி இவ்வடுக்கைக் குலைக்கவில்லை. கடற்கரையிலும் அவ்வாறே, வலையும் தோணியும் முதலாளிக்குரியவை, வலையை இழுக்கும் கை வேறொருவருடையது, பிடிபட்ட மீனின் பங்கு கடன் கணக்கிற் கழியும்.

1964இல் வெளிவந்த 'படகோட்டி' இக்கரைக்காகவே எடுக்கப்பட்டது போன்றதொரு படம். ஒருவரோடொருவர் பகை கொண்ட இரு மீனவக் குழுக்கள். ஒன்றில் தலைவன், மற்றதில் தலைவி. பகையைத் தூண்டி அதனால் இலாபமடைபவனோ எக்குழுவையும் சேராத பணக்காரன். எம்.என். நம்பியார் நடித்த அப்பாத்திரத்தைக் கண்டு கல்முனைக் கலரி எழுப்பிய கூச்சலின் பின்னால் சொந்த அனுபவத்தின் அழுத்தம் இருந்தது. இப்படம் முதலாளியை நேராகச் சுட்டிக் காட்டியது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அது அவனைத் தீயகுணம் படைத்த தனிமனிதனாகவே காட்டியது. அவன் திருந்தினாலோ தோற்றாலோ போதும், வலையும் தோணியும் யாருடையவை என்ற கேள்வி எழாது. சுரண்டலைக் குணக்கேடாக மாற்றிவிடும் இவ்வித்தை இவ்வகைப் படங்கள் அனைத்துக்கும் பொதுவானது. 'நாடோடி மன்னன்' கூடச் சட்டங்களை மாற்றுகிறதேயன்றி அரியணையை அகற்றுவதில்லை.

இவ்விமர்சனத்தை நாம் 1970களில் உரத்துச் சொன்னோம். சொன்னது பிழையன்று. ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டோம். நசிவுக் கலை, கனவுத் தொழிற்சாலை என்று பெயர் சூட்டியபின் அதைப் பார்க்கச் செல்வோரின் பக்கம் எமது பார்வை திரும்பவேயில்லை. நாளெல்லாம் வலை இழுத்தவன் கலரிச் சீட்டுக்குக் காசு கொடுத்து நம்பியார் அடிவாங்குவதைப் பார்த்து வந்தான் என்றால், அவன் ஏமாந்தான் என்று மட்டும் கூற முடியுமா? அநீதி ஒன்று உண்டு, அது தண்டிக்கப்படத்தக்கது என்ற உணர்வை அவன் அங்கே ஊரோடு கூடியிருந்து உரத்த குரலில் வெளியிட்டான். வயல்வெளியில் போடியாருக்கு முன்னால் அவ்வாறு குரலெழுப்ப அவனுக்கு இடமிருக்கவில்லை.

சிவாஜி கணேசனின் குடும்பப் படங்கள் இங்குப் பெற்ற வரவேற்பு இன்னொரு வகையான சமூக வேரைக் காட்டுகிறது. கிழக்கிலங்கையில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், தாய்வழிக் குடிமுறை உண்டு. மணமானபின் கணவனே மனைவியின் வீட்டில் வந்து வாழ்வான். வீடு சீதனமாக மகளுக்கே உரியது. தந்தையும் சகோதரரும் உழைத்து அதைக் கட்டிக் கொடுப்பர். அக்கரைப்பற்றில் 1970களின் தொடக்கம் முதல் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வமைப்பை விரிவாக எழுதியுள்ளார். தங்கைமாருக்கு வீடு கட்டி முடியும்வரை தன் திருமணத்தைத் தள்ளிப்போடும் அண்ணன் இவ்வூர்களில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. 1961இல் ஏ. பீம்சிங் இயக்கிய 'பாசமலர்' இந்த அண்ணனின் கதையே. அப்படத்தில் தங்கை மணமானபின்பும் அண்ணனின் வீட்டிலேயே வாழ்கிறாள். கணவனின் உறவினர் அங்கு வந்து புகுவதே பிரிவுக்கு வித்திடுகிறது. புகுந்த வீட்டில் மருமகள் படும் துயரம் தமிழ்நாட்டுக் குடும்பப் படங்களின் வழமையான கருப்பொருள். எமது பகுதிப் பெண்களுக்கு அது ஓரளவு அந்நியமானது. 'பாசமலர்' அந்நியமாயிருக்கவில்லை. இன்றைக்கும் அதன் பெயரைச் சொன்னால் கண்கலங்கும் வயோதிப ஆண்கள் இங்குண்டு. அவர்களிற் பலர் வீடு கட்டிக் கொடுத்தவர்கள்.

ஆயின் இரசனையின் வேர்களை மட்டும் கூறிப் படங்கள் எவ்வாறு வந்தன என்பதைக் கூறாவிடின் விளக்கம் பாதியாகவே நிற்கும். பழைய படங்கள் நிலைத்தமைக்குப் பழைய படங்களே கிடைத்தமையும் ஒரு காரணம். 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்வசம் எடுத்துக்கொண்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உள்ளூர்ச் சினிமாவைப் பாதுகாக்கும் நோக்கம் நல்லதே. அக்காலத்தில் 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) போன்ற ஈழத்துத் தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. 'பொன்மணி' இன்றும் மதிப்புக்குரிய முயற்சி. எண்ணிக்கையிலும் வசதியிலும் இவை மிகக் குறைவாகையால் எமது கரையோரப் படமாளிகைகளின் ஆண்டு முழுவதையும் நிரப்ப இவற்றால் இயலவில்லை. நிரப்பியவை பழைய பிரதிகள். திரையில் மழை பெய்வதுபோற் கோடு விழுந்து, பாட்டின் நடுவில் அறுந்து, ஒட்டப்பட்டு, ஒரு சண்டைக்காட்சி முழுவதுமே காணாமற்போன நிலையிலும் அவை ஓடின. பெருநாளுக்கு ஒருமுறை, சூடடிப்பு முடிந்து கையிற் காசு புழங்கும் காலத்தில் ஒருமுறை எனப் பழைய எம்.ஜி.ஆர். படம் வந்தே தீரும். ஒரு தந்தை தன் வாலிபத்தில் பார்த்த படத்தை மகன் தன் வாலிபத்தில் அதே மண்டபத்தில் பார்க்க நேர்ந்தமை இவ்வாறுதான். தமிழ்நாட்டில் 1970களின் இறுதியில் இரசனை மாறிக்கொண்டிருந்தபோது இங்கு அது மாறத் தாமதமானதற்கு மக்களின் மனப்போக்கை மாத்திரம் காரணமாகக் காட்டுவது தவறு.

வானொலியின் பங்கும் இதிலடங்கும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பாடல்களை நாள்தோறும் வீட்டுக்குட் கொண்டுவந்து சேர்த்தது. படமாளிகைக்குச் செல்வது முஸ்லிம் பெண்களுக்கு எளிதாயிருக்கவில்லை. குடும்பத்தோடு மறைவாகச் சென்றோர் உண்டு; செல்லாதோரே மிகுதி. அவர்களுக்குச் சினிமா என்பது செவிவழி வந்தது. படத்தைக் காணாமலே அதன் கதையைப் பாடல்களிலிருந்தும், பார்த்துவந்த தம்பிமார் சொல்லக் கேட்டும் முழுமையாக அறிந்திருந்த பெண்கள் இருந்தனர். கிஸ்ஸா கேட்ட அதே முறையில் அவர்கள் 'பாசமலரை'யும் கேட்டனர் எனலாம்.

இத்தனை அன்பு செலுத்திய பார்வையாளருக்குத் திரை திருப்பித் தந்தது என்ன? தமிழ்த் திரையில் முஸ்லிம் பெரும்பாலும் இருவகையாகவே வந்தான். ஒன்று, தலைப்பாகையணிந்த பக்தாத்து வீரன். மற்றது, பக்கத்து வீட்டு நல்ல பாய். 1961இன் 'பாவமன்னிப்பு' சமய நல்லிணக்கத்தை உளமார வேண்டிய படம், நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலும் அதில் ஒலித்தது. அதன் நாயகன் ரஹீமோ இந்துக் குடும்பத்திற் பிறந்து முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவன். தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, வயல் செய்து, வலை இழுத்து, நெசவு நெய்து, ஐந்து வேளை தொழுது, மகளுக்கு வீடு கட்டக் கடன்படும் ஒரு முஸ்லிமின் கதை அந்தப் பொற்காலத்துத் திரையில் நாயகத் தகுதி பெறவில்லை. ஆகவே எமது பார்வையாளர் தம்மைத் திரையிற் கண்டது எப்போதும் வேறொருவரின் உடையிலேயே. மீனவன் மாணிக்கத்தின் உடையிலும், மணிமாறனின் உடையிலும், அலிபாபாவின் உடையிலும் அவர்கள் தம்மைத் தேடிக் கண்டுகொண்டனர். இது அவர்களின் கற்பனை வளத்துக்குச் சான்று. தமிழ்ச் சினிமாவின் பெருந்தன்மைக்குச் சான்றாகாது.

இதனை எமக்கு மட்டும் உரிய விந்தையாகக் கருத வேண்டியதில்லை. வட நைஜீரியாவின் ஹவுசா முஸ்லிம்கள் மொழி விளங்காத இந்திப் படங்களைப் பல பத்தாண்டுகளாகத் தமதாக்கிக் கொண்டமையை ப்ரையன் லார்கின் 1997இல் ஆராய்ந்து எழுதினார். குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் தன் விருப்புக்கும் இடையில் நிற்கும் இளைஞரின் இக்கட்டு, உடை, உறவுமுறை என்பன அவர்களுக்கு அமெரிக்கப் படங்களிலும் பார்க்க நெருக்கமாயிருந்தன என்பது அவர் கண்ட முடிவு. எமது நிலை இதனின்று ஓரிடத்தில் வேறுபடுகிறது. ஹவுசா மக்களுக்கு இந்தி பிறமொழி. எமக்கோ திரையில் ஒலித்த தமிழ் எமது தமிழே. அதனால் உறவும் நெருக்கமானது, புறக்கணிப்பும் உறுத்தலானது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. சினிமா மார்க்கத்துக்கு ஒவ்வாது என்ற கண்டனம் தொடக்கம் முதலே இருந்தது. 1970கள், 80களில் தப்லீக், தவ்ஹீத் முதலிய சமயச் சீர்திருத்த இயக்கங்கள் வலுப்பெற்றபோது அதுவும் வலுப்பெற்றது. இதே இயக்கங்களிற் சில கிஸ்ஸாக்களையும் படைப்போரையும் ஆதாரமற்றவை என்று ஒதுக்கின என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கதைமரபின் இரு கிளைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெட்டுப்பட்டன. அதே காலத்தில் மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் திரும்பி வரும்போது தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்தனர். இதனால் படம் வீட்டுக்குள் வந்தது. பாடல்களாக மட்டும் அறிந்திருந்த 'பாசமலரை' அப்போதுதான் பல பெண்கள் கண்ணாற் கண்டனர்.

படமாளிகையை வீழ்த்தியது வீடியோ மட்டுமன்று. 1983 ஜூலையிற் கொழும்புப் பகுதியில் தமிழ் உரிமையாளரின் படமாளிகைகளும் ஹெந்தளை விஜயா கலையகமும் எரிந்தன. கலையகத்தோடு படங்களின் மூலப்பிரதிகளும் அழிந்தன. 1985 ஏப்ரலிற் காரைதீவு, கல்முனைப் பகுதிகளில் தமிழ்–முஸ்லிம் மோதல் வெடித்தது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நிகழ்ந்த படுகொலையின் பின்னர், அடுத்த ஊருக்கு இரவில் போய்வருவதே ஆபத்தாயிற்று. இரண்டாம் காட்சி பார்த்துவிட்டு நடுநிசியில் காரைதீவுக்கூடாகக் கதை பேசியபடி சைக்கிளில் வீடு திரும்பிய தலைமுறைக்கு இது எத்தகைய முறிவு என்பதை விளக்க வேண்டியதில்லை. சந்தை, ஆசுபத்திரி, பேருந்து ஆகியவற்றில் இரு சமூகத்தவரும் தேவை கருதிக் கூடினர். படமாளிகையில் மகிழ்ச்சி கருதிக் கூடினர். இருட்டில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எந்த ஊரார் என்பது தெரியாமலே ஒரே இடத்திற் சிரித்து, ஒரே இடத்திற் கூச்சலிட்டனர். பகையைத் தூண்டுபவன் யார் என்பதைப் 'படகோட்டி' அவ்விரு சாராருக்கும் ஒருங்கே காட்டியிருந்தது. அதனால் கலவரம் தடுக்கப்பட்டுவிடவில்லை. ஒரு படம் அத்தனை வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது மிகையாகும்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையோரத்து வீடுகளோடு அங்கிருந்த பெட்டகங்களும் போயின. அப்பெட்டகங்களுட் சிலவற்றில் கிஸ்ஸாப் புத்தகங்களும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருந்தன. இரண்டும் மலிந்த தாளில் அச்சிடப்பட்டவை. இரண்டையும் சேகரிக்கத்தக்கவை என்று நூலகங்கள் நெடுங்காலம் கருதியதில்லை.

'கர்ணன்' 2012இலும் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014இலும் எண்மமுறையிற் புதுப்பிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் மீண்டும் வெளியாயின. எமது கரையில் அவற்றுக்குப் படமாளிகை தேவைப்படவில்லை. மீன்வாடியில் வலை பொத்துவோரின் கைத்தொலைபேசியில் 'படகோட்டி' ஓடுகிறது. பார்ப்பவருள் இளைஞரும் உண்டு; அவர்கள் பிறந்தபோது எம்.ஜி.ஆர். மறைந்து பல ஆண்டுகளாகியிருந்தன. அவர்கள் அதனை எந்தக் கதையாகப் பார்க்கிறார்கள் என்பதை நாம் இன்னும் கேட்டறியவில்லை. கிஸ்ஸா கேட்ட செவி அவர்களுக்கு இல்லை. பொல்லடியோ இன்று பெரும்பாலும் கலாசார விழா மேடைகளிலேயே காணக்கிடைக்கிறது. முதலாளியின் வலை மட்டும் அப்படியே இருக்கிறது.

1995இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், இதே கடற்கரையில், அமைந்துள்ளது. சீட்டுக் கிழித்தோர், படச்சுருளை ஒட்டியோர், மாட்டுவண்டியிலும் காரிலும் ஒலிபெருக்கி கட்டித் துண்டுப்பிரசுரம் வீசியோர், படம் பாராமலே கதை சொன்ன பெண்கள் ஆகியோருள் இன்னும் சிலர் உயிரோடிருக்கின்றனர். எல்லாரும் எழுபதைக் கடந்தவர்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு முதலிற் செல்ல வேண்டியது பெண்களிடமே. ஆண்களின் நினைவுகளைத் தேநீர்க்கடைகள் ஏதோ ஒருவகையிற் காத்து வந்துள்ளன.